ஒரே மாடலுக்கு மூன்று ரீகால்: இந்த செகண்ட் ஹேண்ட் காரை வாங்கலாமா?

தஞ்சை சுமதி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு முதல் கார் வாங்கப் போகிறோம், அதுவும் செகண்ட் ஹேண்ட். 2018 மாடல் பெட்ரோல் வண்டி, ஒரே ஓனர், கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. ஓட்டிப் பார்த்தோம், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிடித்துவிட்டது. விலையும் ஏறக்குறையப் படிந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நேரத்தில் என் தம்பி போன் செய்து, "அக்கா, அந்த மாடலுக்கு மூணு ரீகால் வந்திருக்கு, தொட்டுடாதே" என்கிறான். கோளாறைச் சரிசெய்ய வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைப்பதுதான் ரீகாலாம். டாக்டரைக் கேட்டால் தனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை என்கிறார். பொய் சொல்பவராகத் தெரியவில்லை.

போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேறு. அவர் வைத்திருக்கும் மாடலுக்கு இதுவரை ஒரு ரீகாலும் வந்ததில்லையாம். வாசலில் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்கிறார்.

கம்பெனி பெயரைப் போட்டால் இங்கே ரசிகர் சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் போடவில்லை. பொதுவாகச் சொல்லுங்கள். மூன்று ரீகால் என்றால் தரம் குறைந்த கம்பெனி என்று அர்த்தமா? ரீகால் வேலை பாக்கி இருந்தால் இரண்டாவது ஓனருக்கு இலவசமாகச் செய்து தருவார்களா, இல்லை நம் தலையில் கட்டுவார்களா?

டீசல் தாசன்

மூன்று ரீகாலா? கும்பிடு போட்டுவிட்டு வேறு வண்டி பாருங்கள் அக்கா. ஒழுங்காகச் செய்திருந்தால் எதற்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்?

ஒரகடம் பெரியசாமி

சுமதி அம்மா, தாசன் பேச்சைக் கேட்டு நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள். கார் கம்பெனிகளுக்கு பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் ரிடையர் ஆகும்வரை குவாலிட்டி பிரிவில் இருந்தவன் நான். எத்தனை ரீகால் வந்தது என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. கோளாறு கம்பெனிக்குத் தெரிந்ததற்கும் அதை ஊருக்குச் சொன்னதற்கும் நடுவில் எவ்வளவு காலம் ஓடியது என்று பாருங்கள். நான் கம்பெனிகளை எடை போடுவது அதை வைத்துத்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பிரேக் ஹோஸின் முனையில் ஒரு உலோக முனை இருக்கும். அதைச் சுற்றிலும் டை என்ற அச்சை வைத்து அழுத்தி இறுக்குவோம், அதைத்தான் கிரிம்ப் என்போம். அழுத்தம் குறைந்தால் பிரேக் ஆயில் கசியும், கூடினால் உள்ளே ரப்பர் நசுங்கும். ஒரு தடவை நைட் ஷிஃப்ட்டில் டை தேய்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. காலையில் முதல் பீஸில் கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்தால், அளவு சரியாக இருந்தால் ஏற வேண்டிய 'கோ' பக்கமே ஏறவில்லை. அதற்குள் ராத்திரி செய்த சரக்கு லாரி ஏறிப் போய், கார் கம்பெனியில் வண்டியிலும் மாட்டியாகிவிட்டது.

கேஜையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு அவர்கள் யார்டுக்கு ஓடினோம். வெயிலில் வரிசையாகப் புது வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடிக்க வேண்டும். இன்னொருவர் மண்டி போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, கிரிம்ப் மேல் கேஜை வைக்க வேண்டும். ஏறினால் பச்சை மார்க்கரில் ஒரு புள்ளி. ஏறாவிட்டால் கண்ணாடியில் சிவப்பு டேப். சிவப்பு ஒட்டிய ஒவ்வொரு வண்டிக்கும் கஸ்டமர் தரப்பு ஆள் நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

ஆனாலும் அந்த வண்டிகளில் ஒன்றுகூட கேட்டைத் தாண்டவில்லை. காரணம், எங்கள் பெட்டி ஒவ்வொன்றிலும் தேதி, ஷிஃப்ட், மெஷின் எண் எழுதிய டேக் இருந்தது. எந்தப் பெட்டி எந்த நேரம் லைனில் ஏறியது என்ற பதிவு அவர்களிடம் இருந்தது. டேக் இல்லாமல் எல்லாவற்றையும் கலந்து கொட்டியிருந்தால், ஒரு ராத்திரித் தவறுக்காகப் பல மாதச் சரக்கைத் துரத்தியிருப்போம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரீகால் செய்தியில் வரும் எண்ணைக் கவனியுங்கள். 2023 ஜனவரி 18 அன்று மாருதி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. ஏர்பேக் கன்ட்ரோலரில் சந்தேகம். அவை 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை செய்த வண்டிகள். அதாவது கடைசி வண்டி தயாராகி ஒரு வாரத்துக்குள் அறிவித்துவிட்டார்கள். ஏர்பேக் சமாச்சாரம், பயப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மரியாதை வந்தது. எங்கேயோ ஒருவர் டேக்கை ஒழுங்காக எழுதியிருக்கிறார்.

இதற்கு நேர்மாறு வேண்டுமென்றால் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸை (ஜிஎம்) பாருங்கள். செவர்லே கோபால்ட், சாட்டர்ன் ஐயான் போன்ற சின்ன கார்களின் இக்னிஷன் சுவிட்ச் வேண்டிய அளவு இறுக்கமாக இல்லை. முழங்கால் இடித்தாலோ, சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, ஓடும்போதே சாவி பின்னால் நழுவிவிடும். எஞ்சின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் போகும், ஏர்பேக்கும் விரியாது. கோளாறு 2001லேயே உள்ளே தெரிந்திருக்கிறது. 2005இல் டீலர்களுக்கு அனுப்பிய அறிவுரை என்ன தெரியுமா? சாவிக்கொத்தில் கனமான சாமானை மாட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான். ரீகால் வந்தது 2014இல்.

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இதற்கு நடுவில் நடந்த ஒன்றுக்காக. 2006இல் அந்த சுவிட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் ப்ளஞ்சரையும் நீளமாக்கிச் சரிசெய்ய ஒரு எஞ்சினியர் கையெழுத்துப் போட்டார். ஆனால் பாகத்தின் அடையாள எண்ணான பார்ட் நம்பரை மாற்றவில்லை. குவாலிட்டியில் வேலை பார்த்த எவனுக்கும் இதைக் கேட்டால் பேச்சு வராது. பாகத்தில் ஒரு ஸ்பிரிங் மாறினாலும் வரைபடத்தில் ரிவிஷன் எண் ஏற வேண்டும், மறுபடி சாம்பிள் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இது எங்களுக்கு அரிச்சுவடி. நம்பர் மாறாததால், பழைய வண்டிகள் மட்டும் ஏன் இப்படி ஆகின்றன, புது வண்டிகளில் ஏன் இல்லை என்று விசாரித்தவர்கள் வருஷக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பம் போட்ட வழக்கில், அவர்கள் தரப்பு நிபுணர் பழைய சுவிட்சையும் புது சுவிட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்துத்தான் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். ஜிஎம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015இல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டினார்கள்.

அந்த சுவிட்ச் வெளியே வந்தபிறகு ஜிஎம் பழைய அலமாரி எல்லாவற்றையும் குடைந்து, 2014 ஒரே வருஷத்தில் உலகம் முழுக்க ஏறத்தாழ 3 கோடி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இப்போது சொல்லுங்கள், ரீகால் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் 2013இல் ஜிஎம் நல்ல கம்பெனி, 2014இல் மோசமான கம்பெனி. உண்மை அப்படியா?

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் லெக்ஸஸ் கதையையும் சொல்லுங்கள். 1989இல் டொயோட்டா அந்தப் பெயரை அமெரிக்காவில் இறக்கி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டே புகார்கள் வந்தன. அதற்கே அதுவரை விற்ற சுமார் 8,000 எல்எஸ் 400 கார்களையும் அழைத்தார்கள். வீட்டுக்கே ஆள் வந்து வண்டியை எடுத்துப்போய், சரிசெய்து, கழுவிக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பெயருக்கு மதிப்பு அதற்கப்புறம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

டீசல் தாசன்

பெரியசாமி சார், எல்லாம் அமெரிக்கக் கதையாக இருக்கிறதே. அங்கே வழக்குப் போட்டால் கம்பெனி சொத்தே ஆட்டம் காணும், அதனால் பயப்படுகிறார்கள். நம் ஊரில் யாருக்கு யார் பயப்படுகிறார்கள்?

மதுரை ஒர்க்‌ஷாப் பாபு

தாசன் சொல்வதில் பாதி சரி. எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒர்க்‌ஷாப் என்னுடையது. ஒரு மாடலில் பின் கதவு வயரிங், கதவு மடங்கும் இடத்தில் அறுந்து அறுந்து வரும். புது வயரிங் வாங்கினால் அதே பார்ட் நம்பர், கடைசியில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். பிரித்துப் பார்த்தால் மடங்கும் இடத்தில் ஸ்லீவ் தடிமனாகியிருக்கும், ஒரு கிளிப் கூடியிருக்கும். ஆக, அவர்களுக்குத் தெரியும். ஷோரூமில் சர்வீஸ் விடுகிறவர்களுக்குச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். என்னிடம் வருகிறவர் கையிலிருந்து காசு கொடுத்து மாற்றுவார். வண்டி பிரச்சினையா, ஓனர் பிரச்சினையா என்றுகூட அவருக்குத் தெரியாது.

சுமதி மேடம், டாக்டருக்குக் கடிதம் வராததில் ஆச்சரியமே இல்லை. வாங்கும்போது கொடுத்த விலாசமும் போன் நம்பரும்தான் கம்பெனியில் இருக்கும். வீடு மாறியிருப்பார், நம்பர் மாறியிருக்கும். அப்படியே போன் வந்தாலும் "சர்வீஸ் கேம்பெயின் சார்" என்று ஆரம்பிப்பார்கள், இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள் என்று நினைத்துக் கட் செய்திருப்பார்.

ஒரகடம் பெரியசாமி

பாபு தம்பி, அந்தக் கடைசி எழுத்து மாறியதே, அதுவாவது நேர்மை. பார்ட் மாறியதற்கு ஒரு தடம் இருக்கிறது. கதவு வயரிங் அறுந்தால் ஜன்னல் இறங்காது, அதைச் சத்தமில்லாமல் மாற்றுவதைக்கூட மன்னித்துவிடலாம். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், எரிபொருள், ஏர்பேக் இவற்றில் அதைச் செய்தால் குற்றம்.

ஜப்பானில் மிட்சுபிஷி மோட்டார்ஸ் அதைத்தான் செய்தது. வாடிக்கையாளர் புகார்களில் ஒரு பகுதியை அரசுக்குக் காட்டும் கோப்பிலும், மீதியை மறைத்தும் வைத்தார்கள். மறைத்த வண்டிகளை அரசுக்குச் சொல்லாமலே ரிப்பேர் செய்தார்கள். யாரோ துப்புக் கொடுத்து 2000இல் போக்குவரத்து அமைச்சகம் சோதனை போட்டபோது, லாக்கர் அறையில் கோப்புகள் கிடைத்தன. இந்தப் பழக்கம் 1977 முதல் நடந்திருக்கிறது. தலைவர் பதவி விலகினார். சரி, அத்தோடு திருந்தினார்களா? 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் மிட்சுபிஷி லாரி ஒன்றின் சக்கரம் கழன்று ஓடி, குழந்தைகளோடு நடந்துபோன ஒரு தாய்மேல் மோதியது. அவர் இறந்துவிட்டார். லாரி வைத்திருந்தவர் சரியாகப் பராமரிக்கவில்லை என்று கம்பெனி கைகாட்டியது. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பிலேயே கோளாறு என்று 2004இல்தான் ஒப்புக்கொண்டார்கள். முன்னாள் தலைவர் கைதானார். அந்த நேரத்தில் பெரிய பங்குதாரராக இருந்த டெய்ம்லர்கிறைஸ்லரும் மேற்கொண்டு பணம் போட மாட்டேன் என்று கையை உதறிவிட்டது. ரீகாலுக்கு ஆகும் செலவைப் பார்த்துப் பயந்தவர்கள், கடைசியில் எவ்வளவு கொடுத்தார்கள் பாருங்கள்.

தாசன், நம் நாட்டைக் கேட்டீர்கள். உண்மைதான், ரொம்ப நாள் இங்கே கேட்பார் இல்லை. 2010இல் சில நானோ கார்கள் தீப்பிடித்தபோது டாடா கூடுதல் பாதுகாப்புப் பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தந்தது. ஆனால் இது ரீகால் இல்லை என்பதில் கறாராக இருந்தது. 2012 ஜூலையில்தான் கார் கம்பெனிகளின் சங்கமான சியாம் தாமாக ரீகால் செய்வதற்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அடுத்த வருஷமே நம் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஃபிகோ, கிளாசிக் வண்டிகளில் 1.66 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. அதே 2013இல் ஜிஎம் இந்தியா 1.14 லட்சம் டவேரா வண்டிகளை அழைத்தது. அது வேறு ரகம். புகைச் சோதனையில் தேறுவதற்காகக் கம்பெனி ஆட்களே தில்லுமுல்லு செய்திருந்தார்கள். கம்பெனி தானே அரசிடம் போய்ச் சொல்லி, பல பேரை வேலையை விட்டு அனுப்பியது.

சட்டம் 2019 திருத்தத்தில்தான் வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவு. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறையில் உள்ளன. அரசின் வாகன் இணையதளத்தில் ஓனர்கள் புகார் பதியலாம். குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால் அரசு விசாரித்து ரீகாலுக்கு உத்தரவிடலாம். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஒரு கோடி என்பது பெரிய கார் கம்பெனிக்கு டீ செலவு என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அதைத்தான் சொல்வேன். இன்னொரு ஓட்டையும் உண்டு: ஏழு வயதுக்குக் குறைந்த வண்டிகளுக்குத்தான் இந்த விதி. சுமதி அம்மாவின் வண்டி அந்த வயதைத் தாண்டுகிறது. ஆனால் கம்பெனி ஏற்கெனவே அறிவித்த ரீகால் என்றால், எத்தனையாவது ஓனராக இருந்தாலும் பொதுவாகக் காசு வாங்காமல் செய்து தருவார்கள். அது வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பரோடு போகிற வேலை.

கிள்ளான் மணியம்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தம்பி சொன்ன "மூணு ரீகால்" பற்றி ஒரு வார்த்தை. என் பழைய ஹோண்டாவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. எல்லாமே தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக் விவகாரம்தான். ஒன்று டிரைவர் பக்கம், ஒன்று பக்கத்து சீட். சில நாடுகளில் முதலில் மாற்றிக் கொடுத்த புது பாகமும் அதே தகாட்டா ரகமாக இருந்ததால், அதையே மறுபடி மாற்றினார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று, காரணம் ஒன்று.

தகாட்டா பையை ஊதவைக்க அம்மோனியம் நைட்ரேட் வில்லைகளை வைத்திருந்தது. ஈரக்காற்றும் வெயிலும் வருஷக்கணக்கில் பட்டால் அந்த வில்லை கெட்டுப்போகும். மோதும்போது அளவுக்கு மீறி வேகமாக எரிந்து, அதை மூடியிருக்கும் உலோகக் கூடு வெடித்து, சில்லு முகத்திலும் கழுத்திலும் பாயும். குளிர் நாட்டைவிட எங்கள் ஊர் மாதிரி இடத்துக்குத்தான் ஆபத்து அதிகம். 2014இல் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படி இறந்தார், ஹோண்டா சிட்டி. பிறகும் இங்கே சில பேர் இறந்தார்கள். சோதனை முடிவுகளைத் திருத்திக் கொடுத்ததை 2017இல் தகாட்டா அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது, அதே வருஷம் திவாலானது. உலகம் முழுக்க ஏர்பேக்கை ஊதவைக்கும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலில் வந்தன. ஜப்பானில் இந்த வேலையைச் செய்யாத வண்டிகளில் ஆபத்தான ரகங்களுக்கு 2018 முதல் சோதனைச் சான்றே கொடுப்பதில்லை. எங்கள் பக்கம் கடிதம் வந்தும் போகாதவர்கள் நிறையப் பேர். "ஏர்பேக்தானே, மோதினால்தானே" என்பார்கள்.

அதனால், தங்கச்சி, எத்தனை என்று பார்க்காதீர்கள். எந்தப் பாகம் என்று பாருங்கள்.

தஞ்சை சுமதி

எல்லோருக்கும் நன்றி. பெரியசாமி சார், கம்பெனி தளத்தில் ரீகால் பார்க்கும் இடத்தில் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து சேஸிஸ் நம்பரை அடித்தேன். தவறான எண் என்றே வருகிறது. டாக்டரின் ஆர்.சி.யே தப்பா என்று இப்போது புதுப் பயம்.

ஒரகடம் பெரியசாமி

பயப்படாதீர்கள். சேஸிஸ் நம்பர் மொத்தம் 17 எழுத்து. அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். நீங்கள் ஓ என்று அடித்திருப்பீர்கள், பூஜ்ஜியம் போட்டுப் பாருங்கள். ஆர்.சி.யோடு நிற்காமல் வண்டியில் அடித்திருக்கும் நம்பரையும் நேரில் பார்த்துவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் எப்படியும் செய்ய வேண்டிய வேலை அது.

தஞ்சை சுமதி

பூஜ்ஜியம்தான் சார்! வந்துவிட்டது. தம்பி சொன்ன மூன்றில் இரண்டு இந்த வண்டிக்குப் பொருந்தவே இல்லை, அந்தத் தேதிகளில் செய்த வண்டி இல்லையாம். மூன்றாவது பாக்கி என்று காட்டுகிறது. ஃப்யூயல் பம்ப்.

ஒரகடம் பெரியசாமி

அப்படியானால் செய்தே ஆக வேண்டும். 2020 முதல் டொயோட்டா, ஹோண்டா என்று உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் டென்ஸோ என்ற பாகக் கம்பெனி செய்த பம்புக்காக வண்டிகளை அழைத்தன. உங்களுடையது அதே குடும்பமா என்று சர்வீஸில் கேளுங்கள். அந்தப் பம்பில் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, சுவரில் உரசி நின்றுவிடும். பம்ப் நின்றால் எஞ்சின் நடுரோட்டில் நின்றுவிடும். பைபாஸில் பின்னால் பஸ் வரும்போது நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வண்டி இன்னும் டாக்டர் பெயரில்தான் இருக்கிறது. அவரையே ஷோரூமில் விடச் சொல்லுங்கள், அவருக்குச் செலவு இருக்காது. வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் ரீகால் வேலை என்றும் புது பம்பின் பார்ட் நம்பரும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி தளத்தில் மறுபடி நம்பரை அடித்து, பாக்கி இல்லை என்று வந்தபிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

தஞ்சை சுமதி

டாக்டரிடம் பேசிவிட்டேன். தானே விடுவதாகச் சொல்லிவிட்டார். ஷோரூமில் பம்ப் ஸ்டாக் வந்ததும் கூப்பிடுவார்களாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் வண்டி நம்பரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்றேன். ஆர்.சி. எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

டீசல் தாசன்

அக்கா, எல்லாம் சரி. பெட்ரோல் வண்டி எதற்கு வாங்குகிறீர்கள்?